பெயர்ப்பலகை கட்டிய வண்டி

இம்மானுவேலிடம் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வோர் இரவும் தம் காரை வாசலில் நிறுத்தியபின், அதன் முன்பக்கத்திற்கு அடியில் பழைய செய்தித்தாள் ஒன்றை விரித்து, காற்றில் பறக்காதிருக்க மூலைகளில் கல் வைப்பார். விடிந்ததும் பல் துலக்குவதற்கு முன்பே குனிந்து அத்தாளைப் பார்ப்பார். கறுப்புத் துளியென்றால் எண்ணெய். பச்சைத் துளியென்றால் எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட். நிறமற்ற துளியென்றால் ஏசி வடித்த நீர், அதனால் கவலையில்லை. தாள் காய்ந்திருந்தால் அன்று அவர் முகம் தெளிந்திருக்கும்.

"பச்சப்புள்ளைக்கு மூத்திரத்துணி போடற மாதிரி காருக்குப் பேப்பர் போடறாரு பாரு" என்பாள் அவர் மனைவி செண்பகம். "எம் பொண்ணு பொறந்தப்ப ஒரு நாளு, ஒரே ஒரு நாளு, துணி மாத்தியிருப்பாரா இந்த மனுசன்?"

அவர் சிரித்துக்கொள்வார், வழக்கத்தை மாற்றிக்கொள்ளமாட்டார். புறப்படுமுன் பானெட்டைத் திறந்து, சிறிய வெள்ளைத் தொட்டியில் கூலன்ட் இரு கோடுகளுக்கும் நடுவே நிற்கிறதா என்று தலையைச் சாய்த்து நோக்குவார். எஞ்சின் சூடாக இருக்கையில் அத்தொட்டியின் மூடியில் ஒருபோதும் கை வைத்ததில்லை. ஓட்டும்போது, சாலையைப் பார்க்கும் கண் அடிக்கடி சூடு காட்டும் முள்ளிடமும் ஒருமுறை போய்த் திரும்பும். காக்களூர்த் தொழிற்பேட்டையில், பம்பு உதிரிபாகங்கள் செய்யும் சிறு தொழிற்கூடம் ஒன்றில் இயந்திரங்களைப் பராமரிப்பது அவர் வேலை. சூடேறிய இயந்திரம் எவ்வாறு முனகும் என்பதைக் காதாலேயே அறிவார்.

அந்த நீல நிறச் சிறிய காரைப் பழையதாகத்தான் வாங்கினார். ஆயினும் கும்மிடிப்பூண்டியிலிருந்த மாமியார் வீட்டில் அதற்குத் தனி மதிப்பு இருந்தது. சிப்காட்டுக்கு அருகில் இருந்த அந்த வீட்டில் எவருக்கு உடம்பு சரியில்லை என்றாலும், எவரேனும் வேளாங்கண்ணிக்குப் போகவேண்டும் என்றாலும், "பெரிய மாப்ளைக்குப் போனைப் போடு" என்பார் மாமியார் ஆரோக்கியமேரி. திருவள்ளூரிலிருந்து இம்மானுவேல் கிளம்பிவிடுவார். மாமனார் கடைசியாக மருத்துவமனைக்குப் போனதும் அந்தக் காரில்தான். அவ்வீட்டில் நடந்த ஒவ்வொரு திருமணத்திலும் மணமக்களைச் சுமந்ததும் அந்தக் கார்தான். இரண்டாம் மகள் தமிழ்செல்வியைச் சாம்சன் மணந்துகொண்டு கோயில் வாசலில் ஏறியமர்ந்ததும் அதே காரில். அன்று ஓட்டியவர் இம்மானுவேல்.

அந்தச் சாம்சன் சென்ற கிறிஸ்துமஸுக்கு ஒரு கார் வாங்கினான்.

கும்மிடிப்பூண்டியில் இரும்புக் கம்பி உருட்டும் ஆலையில் அவனுக்கு வேலை. அவன் வாங்கியதும் பழைய கார்தான். ஆனால் பெரியது, வெள்ளை நிறத்தது, ஏழு பேர் அமரக்கூடியது. பின்னிருக்கையில் அமர்ந்தவர் முகத்துக்கு நேராகவும் ஏசிக் காற்று வீசும். பண்டிகை நாளன்று அது மாமியார் வீட்டு வாசலில் வந்து நின்றபோது தெருவே கூடிவிட்டது. ஆரோக்கியமேரி கழுத்தில் செபமாலையோடு உள்ளே ஓடி, உப்பும் மிளகாயும் அள்ளிக்கொண்டு வந்து காரைச் சுற்றினார்.

"யம்மா, காலையிலதான் பூசைக்குப் போயி வந்த" என்று சிரித்தாள் செண்பகம்.

"ஆண்டவர் ஒருபக்கம் பாத்துக்குவாரு. ஊருக் கண்ணை நான் ஒருபக்கம் பாத்துக்கறேன்" என்றார் ஆரோக்கியமேரி. மிளகாய் சுற்றிய கை, இம்மானுவேல் நின்ற பக்கம் வந்தபோது சற்றுத் தாமதித்தது போல அவருக்குத் தோன்றிற்று. தோற்றமாகவும் இருக்கலாம்.

அன்று மாலை ஊர் திரும்பும் வேளையில் அவருடைய பன்னிரண்டு வயது மகள் பூமிகா, "நைனா, நான் சித்தப்பா கார்ல ஒரு ரவுண்டு போயி வந்துடறேன். நம்ம கார்ல பின்னாடி காத்தே வரல" என்றாள். நெடுநேரம் கழித்தே திரும்பி வந்தாள். காத்திருந்த நேரம் முழுதும் இம்மானுவேல் தம் காரின் கண்ணாடியைத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தார். துடைக்க அதில் தூசி இல்லை.

பொறாமை என்னும் சொல்லை அவர் தமக்குப் பொருத்திப் பார்த்ததில்லை. நியாயம் என்னும் சொல்லையே பொருத்திக்கொண்டார். இத்தனை ஆண்டுகளாக அழைத்தபோதெல்லாம் வந்து நின்ற கார் எது? ஆஸ்பத்திரிக்கும் கோயிலுக்கும் போனது எது? இப்படிக் கேள்விகளை அடுக்கிக்கொண்டு படுப்பார். உறக்கம் வராது. செண்பகம் தன் தங்கையிடம் கைப்பேசியில், "உங்க வண்டி உங்க வண்டி" என்று பேசுவது காதில் விழும்போதெல்லாம் அவருக்கு நெஞ்சுக்குக் கீழே ஏதோ கொதித்தது.

பொறாமைக்காரனுக்கும் ஓர் இன்பம் உண்டு. பிறன் பொருளில் குறை காண்பது. பொங்கலுக்குப் போயிருந்தபோது அந்த இன்பம் அவருக்குக் கிடைத்தது. சாம்சன் பெருமையோடு பானெட்டைத் திறந்து காட்டினான். அனைவரும் எஞ்சினின் பருமனைப் பார்த்தனர். இம்மானுவேல் கூலன்ட் தொட்டி மூடியின் விளிம்பைப் பார்த்தார். அங்கே வெந்நீர்ப் பானையின் அடியில் படிவது போல் வெள்ளை உப்பு படிந்திருந்தது.

"சாம்சா, தொட்டியில இன்னா ஊத்தற?"

"கொறைஞ்சா ஊட்டுக் கொழாயில புடிச்சு ஊத்துவேன்ணே."

"போர் தண்ணியா? இங்க போர் தண்ணி உப்பு தம்பி. உள்ள இருக்கற சின்னச் சின்னக் கொழாயெல்லாம் உப்பு கட்டி அடைச்சிக்கும். தண்ணி ஓடலேன்னா சூடு எங்க போவும்? மொத்தத்தையும் எறக்கிட்டு நல்ல கூலன்ட் ஊத்து. அது ஏன் கொறையுதுன்னும் பாரு. கசியாம கொறையாது."

சாம்சன் அதைக் கவனமாகத்தான் கேட்டான். ஆனால் அருகில் நின்ற மைத்துனன் அன்புராஜ் உரக்கச் சிரித்தான். "மாமா, ஊரே இந்தத் தண்ணியக் குடிச்சுத்தான் உசுரோட கீது. காரு குடிக்காதா?"

"அவருக்குப் புது வண்டியப் பாத்தா வயித்தெரிச்சல்டா. கூலன்ட் ஊத்த வேண்டியது இவரு வயித்துலதான்" என்றாள் தமிழ்செல்வி. வேடிக்கையாகத்தான் சொன்னாள். செண்பகமும் சிரித்தாள். அவளும் சிரித்ததுதான் அவரைச் சுட்டது.

இனி அந்தக் காரைப் பற்றி ஒரு சொல்லும் பேசுவதில்லை என்று அன்று உறுதி செய்துகொண்டார்.

ஈஸ்டர் கழிந்து, சித்திரை வெயில் ஏறியிருந்த நாட்களில் அன்புராஜுக்குத் திருமணம் நிச்சயமாயிற்று. பெண் ஆர்.கே.பேட்டைப் பக்கம், பெயர் சுகிர்தா. மணமக்கள் வண்டி எது என்று எவரும் இம்மானுவேலைக் கேட்கவில்லை. செண்பகம்தான் கைப்பேசியைக் காதிலிருந்து எடுத்துவிட்டு, கறிக்குழம்பைக் கிளறியபடியே செய்தியைச் சொன்னாள்.

"பொண்ணு மாப்ள சாம்சன் வண்டியில வராங்களாம். பெருசா இருக்குதில்ல, கவுனு மடங்காம ஒக்காரலாமாம். பூமிகாவும் அதுலதான், பூக்கூடை புடிக்கணுமாம்."

"நம்ம வண்டி?"

செண்பகம் கரண்டியைத் தட்டினாள். "அம்மா சொல்லிச்சு... மண்டபத்துக்குத் தண்ணி கேனு வேணுமாம். நம்ம வண்டியில ஏத்திக்கினு பின்னாடியே வந்துடச் சொல்லிச்சு. வெயிலு காலம் பாருங்க, தண்ணிதான் முக்கியம்."

"ஆமா. தண்ணிதான் முக்கியம்" என்றார் இம்மானுவேல். அன்று அவர் சரியாகச் சாப்பிடவில்லை.

திருமண நாள் காலையில் சாம்சனின் கார் மாமியார் வீட்டு வாசலில் பூவுக்குள் மூழ்கி நின்றது. பானெட்டின்மேல் ரோஜாவும் சம்பங்கியும் சரம் சரமாகக் கிடந்தன. ஸ்டியரிங்கைச் சுற்றியும் மல்லிகைச் சரம் கட்டியிருந்தார்கள்; அதன் பின்னே இருந்த மீட்டர் முட்கள் பூவுக்குள் மறைந்திருந்தன. இவற்றுக்கெல்லாம் மகுடமாக, மணமக்கள் பெயரைப் பொன்னிறக் காகிதத்தில் வெட்டி ஒட்டிய பெரிய தெர்மோகோல் பலகை ஒன்று காரின் முகத்தில் கட்டப்பட்டிருந்தது. அன்புராஜ் என்றும் சுகிர்தா என்றும் இரண்டு வரிகள். நடுவே சிவப்பு இதயம் ஒன்று.

சாம்சன் கம்பியை முறுக்கிக்கொண்டிருந்தான். இம்மானுவேலைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

"அண்ணே, வந்துட்டீங்களா! நாஷ்டா துன்னீங்களா? கொஞ்சம் தள்ளி நின்னு பாருங்க. உங்க கண்ணுக்குத்தான் கோணல் தெரியும்."

இம்மானுவேல் தள்ளி நின்று பார்த்தார். பலகை கோணலாக இல்லை. காரின் மேல்கம்பித் தட்டியை மறைத்துக்கொண்டிருந்தது; அது பெரும்பாலும் அழகுக்கு இருப்பது. அந்தக் காருக்கு எஞ்சின் குளிரக் காற்று புகும் வழி, பம்பருக்குக் கீழே இருந்த அகன்ற வாய். அது இன்னும் திறந்தே இருந்தது. பானெட்டிலிருந்து தொங்கிய பூச்சரம் மட்டும் பலகையின் மேல்வரியைச் சற்றே மறைத்தது.

பலகையை அவிழ்த்துவிடச் சொல்லலாம் என்று அவருக்குத் தோன்றியது. இந்த வெயிலில், மேளத்தின் பின்னால் ஊர்ந்துகொண்டு, ஏசியையும் முழுதாகத் திறந்துவைத்தால் எந்த எஞ்சினுக்கும் மூச்சு முட்டும். உப்பு கட்டிய எஞ்சினுக்குக் கேட்கவே வேண்டாம். ஓடும் காருக்கு ஓட்டமே காற்றைக் கொடுக்கும். ஊரும் காருக்குக் கிடைப்பது விசிறிக் காற்று ஒன்றே. அதற்கும் ஒரு வாய் வேண்டும். இத்தனையும் அவருக்குத் தெரியும். சொன்னால் என்ன சொல்வார்கள் என்பதும் தெரியும்.

அப்போது வீட்டுக்குள்ளிருந்து பட்டுப் பாவாடையில் பூமிகா ஓடிவந்தாள். "சித்தப்பா, செம்மயா கீது! இந்தக் கார் முன்னாடி நின்னு ஒரு போட்டோ எடு" என்று சாம்சனின் கையைப் பிடித்து இழுத்தாள். தந்தையை அவள் பார்க்கவில்லை.

"மேல்வரி மறையுது சாம்சா" என்றார் இம்மானுவேல். தம் குரல் இயல்பாக இருந்தது அவருக்கே வியப்பாயிருந்தது. "பூ தொங்குது பாரு. ஒரு சாண் கீழ எறக்கிக் கட்டு."

"இந்த அளவாண்ணே?"

"இன்னும் கொஞ்சம்... ஆங்."

அவரே ஒரு பக்கம் பலகையைத் தாங்கிப் பிடித்தார். சாம்சன் கம்பியைக் கட்டினான். மேல்வரி நன்றாகத் தெரிந்தது. கீழிருந்த அகன்ற வாய் முற்றும் அடைபட்டது. அவர் சொன்ன காரணத்தில் பொய் ஏதுமில்லை. பூ மறைத்தது உண்மைதான். சொல்லாமல் விட்டதில்தான் அனைத்தும் இருந்தது. பாதி வழியில் நிற்கட்டும், பெரிய வண்டியும் நிற்கும் என்று நாலு பேர் காணட்டும், அவ்வளவுதானே என்று தமக்குச் சொல்லிக்கொண்டு, தண்ணீர் கேன்களை ஏற்றப் போனார்.

கோயிலில் பூசை முடிந்து மணமக்கள் வெளியே வந்தபோது வெயில் உச்சியில் நின்றது. மண்டபம் சற்றுத் தொலைவில் இருந்தது. பேண்டு வாத்தியம் முன்னே சென்றது. அதன் பின்னே இளைஞர்கள் ஆடினார்கள். அவர்களுக்குப் பின்னே வெள்ளைக் கார் நடையினும் மெதுவாக ஊர்ந்தது. பக்கத்து நெடுஞ்சாலையில் இரும்புச் சுருள் ஏற்றிய லாரிகள் ஓலமிட்டுச் சென்றன. எல்லாருக்கும் கடைசியில் நீலக்கார், பின்னிருக்கையிலும் டிக்கியிலும் தண்ணீர் கேன்கள் குலுங்க வந்தது. கேன்கள் இருந்தமையால் செண்பகம் அதில் ஏறவில்லை. தாயோடு நடந்து வந்தாள்.

இம்மானுவேல் சன்னலைத் திறந்துவைத்திருந்தார். முன்காரின் பின்கண்ணாடி வழியே உள்ளே இருப்பவர்கள் தெரிந்தார்கள். மணப்பெண்ணின் வெள்ளை முக்காடு தெரிந்தது; அதனருகே பூமிகாவின் தலை. அவள் ஏதோ சொல்ல, மணப்பெண் சிரித்தாள். கண்ணாடிகளெல்லாம் மூடியிருந்தன. உள்ளே குளிர்ச்சியாகத்தான் இருக்கும் என்று எண்ணினார். கொதிப்பு எங்கே இருக்கிறது என்று அவர் ஒருவருக்கே தெரியும். அந்த எண்ணத்தில் ஒருவகை இன்பம் இருந்தது.

சிறிது தூரம் சென்றதும் ஒரு வாசனை வந்தது. வெல்லப்பாகு அடிப்பிடிப்பது போன்ற இனிய வாசனை. மண்டபத்துச் சமையலென்று மற்றவர்கள் எண்ணியிருக்கக்கூடும். அவருக்கு ஐயமில்லை. உள்ளே மிஞ்சியிருந்த பழைய கூலன்ட் வெந்து எங்கோ கசிகிறது. அவர் எதிர்பார்த்து வந்தது இதுதான். ஆனால் வாசனை மூக்கில் ஏறிய கணத்தில் இன்பம் அவரைவிட்டு நீங்கியது. பானெட்டுக்குள் கொதிநீர் மூடியைத் தள்ளிக்கொண்டிருக்கும். கார் நின்றால் முதலில் என்ன செய்வார்கள்? மூடியைத் திறப்பார்கள். பூமிகா எப்போதும்போல் முன்னே வந்து எட்டிப் பார்ப்பாள்.

இம்மானுவேல் ஹாரனை அழுத்தினார். மீண்டும் மீண்டும் அழுத்தினார். தலையை வெளியே நீட்டி, "சாம்சா! ஏசிய அணைடா! ஓரங்கட்டு!" என்று கத்தினார்.

பேண்டின் ஓசையில் அது எவருக்கும் கேட்கவில்லை. ஆடிக்கொண்டிருந்த ஒருவன் திரும்பிப் பார்த்து, "தண்ணி வண்டிக்கு அவசரம்டோய்! வழி உடுங்கடா!" என்றான். சிரித்தார்கள். மேளக்காரர் அந்த ஹாரன் ஓசைக்கு ஏற்பவே இரண்டு அடி அடித்துக் காட்டினார். ஆட்டம் கூடிற்று.

பிறகு பானெட்டின் இடுக்குகளிலிருந்து வெண்புகை எழுந்தது. சம்பங்கிச் சரங்கள் அப்புகையில் வாடித் தொங்கின. கார் ஒருமுறை குலுங்கி நின்றது. பேண்டு பாதியில் நின்றது.

இம்மானுவேல் தம் காரை நிறுத்திவிட்டு ஓடினார். அதற்குள் சாம்சன் இறங்கி, கையில் துண்டைச் சுற்றிக்கொண்டு பானெட்டை உயர்த்தியிருந்தான். முகமெல்லாம் வியர்த்திருந்தது. பெண்ணின் தாய்மாமன் சந்திரமோகன், பட்டு வேட்டியை மடித்துக் கட்டியபடி கூவினார்.

"தண்ணி! தண்ணி கொண்டாங்கப்பா! அந்தப் பின்னாடி வண்டியில கேனு கேனா கீதே!"

"மூடியத் தொடாதே!" என்று இம்மானுவேல் சாம்சனின் மணிக்கட்டைப் பற்றினார்.

"உடுண்ணே. கொஞ்சம் தண்ணி ஊத்துனா சரியாப்பூடும். பொண்ணு மாப்ள உள்ள கீறாங்க..."

"அவங்கள எறக்கு மொதல்ல. பூமிகா, எறங்கி அம்மாகிட்ட போ. போன்னு சொன்னேன்ல!"

ஒருவன் நீலக்காரின் டிக்கியைத் திறந்து ஒரு கேனைத் தூக்கிக்கொண்டு வந்தான். இம்மானுவேல் குறுக்கே நின்றார்.

"இதுல ஊத்தக்கூடாது. கொதிக்கற இரும்புல பச்சத்தண்ணி பட்டா வெடிச்சுப்பூடும். குடிக்கக் குடு. இஞ்சினுக்கு வேணாம்."

"இன்னா மனுசன்யா நீ?" என்றார் சந்திரமோகன். "வண்டி நெறயத் தண்ணிய வெச்சுக்கினு தரமாட்டேன்றியே! நல்ல காரியத்துக்கு வந்த எடத்துல..."

கூட்டத்தில் எவளோ ஒருத்தி தாழ்ந்த குரலில் சொன்னாள்: "அவரு வண்டியத் தண்ணி கேனுக்கு அனுப்புனாங்கல்ல. அந்தக் காந்தல்."

தாழ்ந்த குரலாயினும் அது அனைவருக்கும் கேட்டது. இம்மானுவேலுக்கும் கேட்டது. எஞ்சினில் தண்ணீர் ஊற்றக்கூடாது என்றது ஒன்றே அவர் அன்று பேசியவற்றில் முழு உண்மை. அதையே எவரும் நம்பவில்லை. அவர் கேனுக்கும் எஞ்சினுக்கும் இடையே அசையாமல் நின்றார். சாம்சன் மட்டும், அவரையும் சந்திரமோகனையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, துண்டு சுற்றிய கையைத் தாழ்த்திக்கொண்டான்.

அந்த நேரத்தில் மூடியின் ஓரம் சீறிற்று. கொதிநீர் ஒரு விசையோடு மேலெழுந்து, சற்றுமுன் சாம்சனின் முகம் இருந்த இடத்தைக் கடந்து, பானெட்டின் உட்பக்கத்தில் அறைந்து, கீழே சரிந்துகிடந்த ரோஜாக்களின்மேல் சொட்டிற்று. கேன் தூக்கி வந்தவன் அதைக் கீழே வைத்துவிட்டான். சந்திரமோகன் இரண்டடி பின்வாங்கி, மடித்த வேட்டியை இறக்கி விட்டுக்கொண்டார்.

ஆரோக்கியமேரி மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். காரைப் பார்த்தார், மகனையும் மருமகளையும் பார்த்தார், கன்னத்தில் போட்டுக்கொண்டார். "கண்ணு பட்டுப்போச்சு. சுத்திப் போட்டும் பட்டுப்போச்சே. யாரு கண்ணோ..." என்றவரின் பார்வை, தேடாமலேயே, மூத்த மருமகனிடம் வந்து நின்றது.

"அத்தே, அப்பிடிப் பேசாதீங்க" என்றான் சாம்சன். "அண்ணன் இல்லேன்னா எம் மூஞ்சி வெந்திருக்கும். காலையில இந்த போர்டு கட்டறப்பகூட, அண்ணன்தான் கூட நின்னு, கையில தாங்கிப் புடிச்சு, சரியாக் கட்டிக் குடுத்தாரு. நம்ம ஊட்டுல வேற யாரு வந்து கேட்டாங்க?"

எவரேனும் அறைந்திருந்தால்கூட இம்மானுவேல் தாங்கியிருப்பார். இச்சொற்களை அவரால் தாங்க இயலவில்லை. ஆரோக்கியமேரியின் முகம் உடனே இளகிற்று. முந்தானையால் மருமகனின் நெற்றி வியர்வையைத் துடைக்கப் போனவர், கூச்சத்தால் பாதியிலேயே கையை இழுத்துக்கொண்டார்.

"நான் ஒரு பைத்தியக்காரி மாப்ள. மனசுல வெச்சுக்காதீங்க. உங்க வண்டிதான் எங்களுக்கு ராசி. எப்பவும் அதுதான் வந்துச்சு. டேய், கேனெல்லாம் எறக்குங்கடா! பொண்ணு மாப்ளையப் பெரிய மாப்ள வண்டியில ஏத்துங்க!"

கேன்களைக் கைகள் பல இறக்கிச் சாலையோரம் வைத்தன. மணப்பெண் கவுனை இரு கைகளாலும் சுருட்டிப் பிடித்துக்கொண்டு நீலக்காரில் ஏறினாள். அன்புராஜ் ஏறினான். பூமிகாவும் பூக்கூடையோடு ஒண்டிக்கொண்டாள், "நைனா, வா, சீக்கிரம் ஓட்டு!" என்று அழைத்தாள். எவனோ ஒருவன் ஒரு ரோஜாச் சரத்தை அதன் பானெட்டின்மேல் வீசினான். பேண்டு மறுபடியும் தொடங்கிற்று. கிறிஸ்துமஸ் முதல் அவர் உறக்கத்தைத் தின்ற ஆசை இது. அப்படியே, ஒரு சிறு குறையுமின்றி, நிறைவேறி நின்றது.

இம்மானுவேல் அங்கே போகவில்லை. சாம்சனின் காருக்கு முன்னால் குந்தி அமர்ந்து, கம்பியைப் பிரித்துப் பலகையை அவிழ்த்தார். பொன்னிற எழுத்துகள் ஈரத்தில் நெளிந்திருந்தன. அடைபட்டிருந்த அகன்ற வாய் திறந்ததும் உள்ளிருந்து அனற்காற்று அவர் முகத்தில் வீசியது. சாம்சன் அருகில் வந்து அமர்ந்தான்.

"இதுதான் காரணம் சாம்சா. காத்து போற வழி இது. காலையில நீ கட்டியிருந்த எடத்துல இது தொறந்திருந்துச்சு."

"நான் பாக்கலண்ணே."

"நான் பாத்தேன். பாத்துட்டுத்தான் கீழ எறக்கச் சொன்னேன்."

சாம்சன் அவரைப் பார்த்தான். முதலில் அவனுக்கு விளங்கவில்லை. பிறகு அவன் பார்வை பலகைக்குப் போயிற்று.

"தெரிஞ்சேவாண்ணே?"

"தெரிஞ்சேதான்."

லாரி ஒன்று பெருமூச்சோடு கடந்து சென்றது. சாம்சன் பலகையை எடுத்து, எழுத்துகள் மண்ணில் படாதவாறு காரின் பக்கத்தில் சாய்த்து வைத்தான். பிறகு, கோபமா வருத்தமா என்று பிரித்தறிய முடியாத குரலில், "ரொம்பப் பேஜாரு பண்ணிட்டீங்கண்ணே" என்றான். "உள்ள பூமிகா இருந்துச்சு."

"ஆமா" என்றார் இம்மானுவேல்.

நீலக்காரிலிருந்து அன்புராஜ் தலையை நீட்டி, "மாமா, வரீங்களா இல்லியா? மண்டபத்துல ஃபாதர் காத்துக்கினு கீறாரு!" என்று கூவினான். செண்பகம் கையை அசைத்து அழைத்தாள். அனைவரும் இம்மானுவேலின் முகத்தையே பார்த்து நின்றார்கள். இம்மானுவேல் எழுந்து, சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்தார். அதைச் சாம்சனின் உள்ளங்கையில் வைத்தார்.

"கிளச்சு கொஞ்சம் கெட்டி. மெதுவா உடு. முள்ளு பாதியத் தாண்டுனா ஏசிய அணைச்சிடு."

"நீங்க வரலியாண்ணே? போட்டோல்லாம் எடுப்பாங்க. பந்தியில உங்களத் தேடுவாங்க."

இம்மானுவேல் ஒரு கேனைத் தம்மருகே இழுத்துப் போட்டு, காரின் நிழலில் அதன்மேல் அமர்ந்தார். பானெட்டுக்குள் எஞ்சின் இன்னும் டிக் டிக்கென்று ஒலித்துக்கொண்டிருந்தது.

"நீ ஓட்டிக்கினு போ சாம்சா" என்றார். "இது ஆறுற வரைக்கும் நான் இங்கயே இருக்கேன்."